சதவீதத்தை விடுங்கள், சொந்தக்காரர் பட்டியலைத் திறங்கள்

அமெரிக்கக் கறுப்பின மக்கள் பலர் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டுவதற்குப் பின்னால் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. 1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். உரிமையாளரின் பெயர் இருக்கும். அடிமையின் வயது, பால், நிறம் இருக்கும். பெயர் பெரும்பாலும் இருக்காது. எல்லோரும் பெயரோடு பதிவானது 1870இல்தான். அதற்கு முன்னால் போகத் தேடுகிறவர்கள் அந்த இடத்தில் முட்டி நிற்கிறார்கள். அப்படி நிற்கும்போது ‘நைஜீரியா 30%’ என்று திரையில் வந்தால் மனசு அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த எண் சொல்வது வேறு.

பரிசோதனை நிறுவனம் அனுப்பும் குழாயில் கோடு வரை சுமார் 2 மில்லி எச்சில் வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நுரை கணக்கில் சேராது. நுரையைப் பார்த்துக் கோடு தொட்டுவிட்டது என்று மூடி அனுப்பினால் டி.என்.ஏ. போதாமல் மறுபடி கேட்பார்கள். ஆய்வகம் டி.என்.ஏ.வின் 300 கோடி எழுத்தையும் படிப்பதில்லை. ஆளுக்கு ஆள் மாறுகிற ஆறேழு லட்சம் இடங்களை மட்டும் பார்த்து, தன்னிடம் இருக்கும் இன்றைய மனிதர்களின் மாதிரிகளோடு ஒப்பிடுகிறது. முன்னோர் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றப்பட்ட காலத்தில் நைஜீரியா என்று ஒரு நாடே கிடையாது. நிறுவனம் மாதிரிகளை மாற்றினால் சதவீதமும் மாறும், எச்சில் அதேதான். கூடப்பிறந்தவர்களுக்கே எண் ஒத்துவராது. அப்பா, அம்மாவிடமிருந்து வரும் பாதி ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறு பாதி.

இனம் இந்த எண்ணுக்குள் இல்லவே இல்லை என்பது என் உறுதியான கருத்து. கறுப்பின அமெரிக்கரிடம் சராசரியாக நாலில் ஒரு பங்கு ஐரோப்பிய மரபு. அதற்காக யாரையும் கால்வாசி வெள்ளையராக நடத்தியதில்லை. 1924இல் வர்ஜீனியா சட்டம் ஒரு சொட்டுக் கறுப்பு ரத்தம் இருந்தாலே வெள்ளையர் இல்லை என்றது. அமெரிக்கப் பழங்குடி அரசான செரோக்கி தேசமோ இந்தச் சதவீதத்தையே ஏற்பதில்லை, அமெரிக்க அரசு பழங்குடியினரைப் பதிந்த பழைய டாவ்ஸ் பட்டியலில் முன்னோர் பெயர் இருந்தால்தான் குடியுரிமை.

பயன் இருப்பது பொருத்தப் பட்டியலில், அதாவது பரிசோதனை செய்துகொண்டவர்களில் உங்கள் டி.என்.ஏ.வோடு ஒத்துப்போகும் சொந்தக்காரர்களின் பட்டியலில். வீட்டில் மூத்தவரை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் பாதி கைநழுவிப் போகிறது. பெரியப்பா, சித்தப்பா, அத்தை ஆகியோரின் பிள்ளைகள் என்றால் சுமார் 870 சென்டிமார்கன் (ஒத்துப்போகும் டி.என்.ஏ.வின் அளவு) ஒத்துப்போகும். 70 அளவில் வந்தால், உங்கள் இருவருக்கும் எள்ளுத்தாத்தா ஒரே ஆளாக இருக்கலாம். 7, 8க்குக் கீழே வருவதைத் துரத்தாதீர்கள், பெரும்பாலும் தற்செயல்.

பட்டியலில் வெள்ளைக்காரச் சொந்தமும் வரும். எப்படி வந்தது என்று யோசித்தாலே நெஞ்சு கனக்கும். ஆனாலும் எழுதிக் கேளுங்கள். பழைய உயிலும் சொத்துக் கணக்கும் இருப்பது அந்தக் குடும்பத்தின் பெயரில்தான். அதில் கோவேறு கழுதைக்கும் கலப்பைக்கும் நடுவே ஆட்களின் பெயர், வயது, விலை எழுதியிருப்பார்கள். எள்ளுப்பாட்டியின் பெயர் பலருக்கு முதன்முதலாகக் கிடைப்பது அந்த வரியில்தான்.