துளை இருந்தால் எல்லாம் ஒன்றா?

எங்கள் பல்கலைக்கழக இசைத் துறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்திருக்கிறது. நேற்று காலையிலிருந்து அதன் படம் என் இன்பாக்ஸுக்கு வந்துகொண்டே இருக்கிறது. "உங்க துறைதானே, பார்த்தீங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. பார்த்தேன். பார்க்காமல் எப்படி? கீழே கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. படித்துவிட்டேன் என்பதற்கான கையெழுத்துதான், சம்மதம் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போட்டேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே எழுதப்போவதில்லை. தெரிந்தவர்களும் கமென்டில் எழுதிவிடாதீர்கள். ஜூனில் என் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்க வேண்டும்.

விஷயம் அந்த ஒரே வரிதான். "துளைக்கருவிகள் (குழல், நாதஸ்வரம்): ஒரு கௌரவ விரிவுரையாளர் போதுமானது." அந்த ஒருவர் நான். பதினாறு வருஷமாக நாகசுரம் எடுத்த ஐயா இனி வரவேண்டாம், குழல்காரி இரண்டையும் பார்த்துக்கொள்வாள். (நாதஸ்வரம் என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள். நாகசுரமா நாதஸ்வரமா என்று மல்லுக்கட்ட இன்று எனக்குத் தெம்பில்லை.)

கூட்டத்தில் ஒருவர் தயங்கித் தயங்கி விளக்கம் கேட்டார். வந்த பதில் இன்னும் காதிலேயே நிற்கிறது. "ரெண்டுமே ஊதுறதுதானே மேடம்?"

ஊதுறதுதான். சங்கும் ஊதுறதுதான், அடுப்பும் ஊதுறதுதான். இரண்டிலும் துளை இருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். சல்லடையிலும் இருக்கிறது.

எனக்கு நாகசுரம் தெரியாது. தெரியாததை என்னால் சொல்லிக்கொடுக்க முடியாது. சொல்ல வந்தது இவ்வளவுதான். இதற்கு ஒரு பதிவு தேவைப்படுகிறது பாருங்கள், அதுதான் கொடுமை.

குழலில் உதடு வாத்தியத்தைக் கவ்வுவதே இல்லை. முத்திரைத் துளையின் ஓரத்தில் மெல்லத் தொட்டு நிற்கும், காற்று அந்த விளிம்பில் மோதிப் பிளக்கும், அதில் நாதம் பிறக்கும். நாகசுரம் அப்படியா? சீவாளி வாய்க்குள் போகவேண்டும். நாணல் தட்டையில் செய்த இரண்டு இதழ், அதைக் கெண்டை என்கிற சின்ன உலோகக் குழலில் சொருகி, கெண்டையை உலவின், அதாவது மரக் குழாயின், தலையில் சொருகி, உதட்டால் பிடித்து, கன்னத்துக் காற்றை அடக்கி வைத்துக்கொண்டு விடவேண்டும். விரல் துளை ஏழு. அதற்குக் கீழே இன்னும் ஐந்து துளைகள் இருக்கும், அவற்றை விரலே தொடாது. சுருதிக்கான துளைகள் அவை, தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைப்பார்கள். என் குழலில் விரல் துளை எட்டு. எண்ணிக்கையைக் கூட்டிக் கழித்துப் பார்த்தாலாவது இரண்டும் ஒன்றா சொல்லுங்கள்.

ஒரு தடவை முயற்சி செய்து பார்த்தேன். ஏழெட்டு வருஷம் இருக்கும், பரீட்சை முடிந்து துறை காலியாகக் கிடந்த ஒரு மத்தியானம். "ஐயா, நான் ஊதிப் பார்க்கட்டுமா?" என்றேன். "ஊதிப் பாரேம்மா" என்று வாத்தியத்தை நீட்டினார். பாரி நாயனம், அதாவது நீள வகை நாகசுரம், ஆச்சா மரம், கையில் வாங்கியதும் எடை மணிக்கட்டை இழுத்தது. வாத்தியத்தின் தலைப்பில் கட்டியிருந்த நூலில் ஐந்தாறு சீவாளிகள் தொங்கின, பக்கத்திலேயே தந்த ஊசி. அவர் ஒரு சீவாளியை எடுத்து வாயில் போட்டு ஊறவைத்தார். வெளியே எடுத்தார், விரலால் லேசாக அழுத்தினார், வெளிச்சத்தில் பிடித்து அதன் வாயைப் பார்த்தார், திருப்தியில்லை, மறுபடி வாயில். அப்புறம் அதை வைத்துவிட்டு எனக்கென்று வேறொன்றைத் தேர்ந்தெடுத்தார். "இது எளசு, உனக்கு ஒத்துழைக்கும்" என்றார். ஒத்துழைக்கவில்லை. முதல் ஊதலில் வெறும் காற்று. இரண்டாவதில் வாத்து கத்தியது. மூன்றாவதில் எனக்குக் கண் இருட்டியது. மனுஷர் சிரிக்கவே இல்லை. "எனக்கும் முதல் ஆறு மாசம் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுத்துவரப் போனார்.

அடுத்த இரண்டு நாள் என் குழல் பேசவில்லை. உதடு மரத்துப்போய், மேல் ஸ்தாயி எடுத்தால் இரைச்சல். அதாவது ஒன்றைப் பிடித்தால் மற்றது கெடுகிறது. இந்த லட்சணத்தில் காலையில் குழல், மத்தியானம் நாகசுரம் என்று எனக்கு டைம்டேபிள் போட்டிருக்கிறார்கள்.

சரி, இனி இன்பாக்ஸில் வந்த அறிவாளிகளின் கேள்விகளுக்கு வருவோம்.

கத்ரி கோபால்நாத் நாகசுரத்திலிருந்து சாக்ஸபோனுக்குப் போகவில்லையா, ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டுக்குப் போகவில்லையா என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். போனார்கள். புது வாத்தியம் கைக்கு வர எத்தனை வருஷம் சாதகம் செய்தார்கள் என்று பாருங்கள். சுற்றறிக்கை வந்த மறுநாளே வகுப்பெடுக்கப் போகவில்லை. பெண்ணென்பதால் பயப்படுகிறாயா என்று இன்னொருவர். மதுரை பொன்னுத்தாய் அம்மாள் வாசித்த வாத்தியத்தைப் பற்றி என்னிடமா இந்தக் கேள்வி? அதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

"நாலு மாணவர்களுக்கு ஒரு ஆசிரியரா, பணம் எங்கே இருக்கிறது?" இது நியாயமான கேள்வி என்று தலையாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு பேர்தான், மறுக்கவில்லை. அந்த நாலில் மூன்று பேர் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்று வருஷம் நாகசுரம் படித்துவிட்டு வந்தவர்கள். அந்தப் பள்ளிகளில் நாகசுரத்துக்குத் தனி ஆசிரியர், தவிலுக்குத் தனி ஆசிரியர். பள்ளியில் குரு இருந்தார், பல்கலைக்கழகத்துக்கு வந்தால் குழல்காரி இருக்கிறாள். இதற்கு மேற்படிப்பு என்று பெயர். பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். கௌரவ ஆசிரியருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 என்று யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, 2019இல் சொன்னது. எங்களுக்கு அதில் பாதிகூட வருவதில்லை, மே மாதம் அதுவும் கிடையாது. இந்தக் காசை மிச்சம் பிடித்துத்தான் பல்கலைக்கழகம் நிமிரப்போகிறது என்றால் நிமிரட்டும்.

இன்னொரு கேள்விதான் என்னை உண்மையிலேயே சுட்டது. "அவருக்கு நெட் இருக்கா? உங்களுக்கு இருக்கே?" இருக்கிறது. நெட் என்பது கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வு. நான் எப்படி வாங்கினேன் என்றும் சொல்கிறேன். மூன்று மணி நேரம், இரண்டு தாளிலும் சேர்த்து 150 கேள்வி, நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழலை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். ஒரு சுரம் ஊதிக் காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. இசைத் தாளில் கர்நாடகம், இந்துஸ்தானி, ரவீந்திர சங்கீதம், தாள வாத்தியம் என்று பிரிவு இருக்கிறது, ஊதுகிறவனுக்கென்று தனியாக ஒன்றும் இல்லை. பரம்பரைக் கலைஞர்களுக்கு யுஜிசி 2018 விதிகளில் ஒரு ஜன்னல் திறந்து வைத்திருக்கிறதே என்பீர்கள். வைத்திருக்கிறது. பெயர் பெற்ற குருவிடம் பயின்றிருக்க வேண்டும், வானொலியில் ஏ கிரேடு வேண்டும். ஐயாவிடம் இரண்டும் உண்டு. கூடவே ஓர் இளங்கலைப் பட்டமும் வேண்டுமாம். பன்னிரண்டு வயதில் மேளத்தோடு ஊர் ஊராகப் போன ஆளிடம் பட்டத்துக்கு எங்கே போவது? விதி விதிதான், எனக்கும் தெரியும். ஆனால் பதினாறு வருஷம் அந்த விதி எங்கே தூங்கிக்கொண்டிருந்தது?

நாகசுரத்தின் மேல் இவர்களுக்கு மரியாதை இல்லை என்றும் சொல்ல முடியாது. பட்டமளிப்பு விழாவில் விருந்தினர் காரைவிட்டு இறங்கும்போது மங்கல இசை கட்டாயம் வேண்டும். போன தடவை ஐயாவுக்குக் காய்ச்சல். ஸ்பீக்கரில் பென் டிரைவைச் சொருகினார்கள். மல்லாரி வந்தது, கம்பீர நாட்டை, சுவாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது. பாதியில் யாரோ நிறுத்தியதும் அடுத்த பாட்டு கொஞ்சம் ஓடியது. அதைச் சொல்ல வேண்டாம்.

குழலுக்கு இந்த அவமானம் வந்ததில்லை, அதையும் நான்தான் சொல்லவேண்டும். குழல் வித்துவான் டி. விஸ்வநாதன் சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைவராகவே இருந்தார், பிறகு அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தார். எங்களுக்கு நாற்காலி எப்போதும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளை மேடையில் உட்கார்ந்து வாசிப்பதற்கே சண்டை போடவேண்டியிருந்தது என்பார்கள். 1947இல் சுதந்திரம் வந்தபோது டெல்லியில் வாசித்த நாகசுரம் அவருடையதுதான். நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு வந்தபோது எங்கள் துறை வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பொம்மைகளாகக் குவிந்தன. சுற்றறிக்கையில் கையெழுத்திட்டவரும் மூன்று கைதட்டல் போட்டிருந்தார். மரத்துக்குக் குறியீடு, ஊதுகிறவருக்குச் சுற்றறிக்கை. வாத்தியத்தைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்க இவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும், அதை வாசிக்கிறவர் துறை அறைக்குள் வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தால்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். யார் எப்படிப் பார்த்தார்கள் என்று எழுதினால் பெயர் வந்துவிடும்.

"அப்படியானால் கூட்டத்திலேயே பேசியிருக்கலாமே" என்று எழுத ஒருவர் தட்டச்சு செய்துகொண்டிருப்பார். ஆமாம். பேசவில்லை. மேஜையில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டு வாடகை, பிள்ளையின் ஃபீஸ், ஜூன் என்று வரிசையாக மனதுக்குள் ஓடியது. அதனால்தான் இப்போது இரவு பதினோரு மணிக்கு முகநூலில் வீரம் காட்டிக்கொண்டிருக்கிறேன். இதைச் சொல்லிக்காட்ட நினைப்பவர்கள் வரிசையில் நில்லுங்கள், முதல் ஆள் நான்.

சாயங்காலம் ஐயாவே போன் செய்தார். "நீ எதுவும் எழுதிக்கிழுதித் தொலைக்காதேம்மா, உன் பொழப்பைப் பாரு. எனக்குக் கல்யாண முகூர்த்தம் இருக்கு, கோயில் இருக்கு." சரிங்க ஐயா என்றேன். போனை வைக்காமல் கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சொன்னார். "அந்த ரெண்டாம் வருஷத்துப் பையன் கெண்டையைத் துடைக்காம அப்படியே உறைக்குள்ள போட்டுருவான். திங்கக்கிழமை போனதும் பாரு. சீவாளியைக் காயவெச்சு எடுத்து வைக்கச் சொல்லு."

சாவி என்னிடம்தான் கொடுத்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முதல் வகுப்பு 9.40க்கு.