ஊரைக் கேளுங்கோ

சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றித்தான் எழுதுறன். "குர்ஆனைத் தமிழில் வாசிச்சால் சட்டப் புத்தகம் மாதிரிக் கிடக்கு, கவிஞனுக்கு அதில என்ன இருக்கு" என்று ஒருத்தர் மேடையில் சொல்ல, முன்வரிசை கைதட்டினது. தட்டினவையில் தமிழ் இலக்கணம் படிப்பிக்கிற ஆக்களும் இருந்தவை. அதுதான் நோகுது.

சட்டப் புத்தகம் மாதிரிக் கிடக்கிறது மொழிபெயர்ப்பு. அதை அப்படி ஆக்கினது, விளக்கம் எண்டு மொழிபெயர்ப்பாளர் இடையில போடுற அடைப்புக்குறி.

குர்ஆனின் 12ஆம் அத்தியாயம் 82ஆம் வசனத்தில், அதாவது 12:82இல், யூசுப் நபியின் சகோதரர்கள் தகப்பனிடம் "நாங்கள் இருந்த ஊரைக் கேளுங்கள்" என்கினம். தமிழில் அது "ஊர் (மக்களைக்) கேளுங்கள்" ஆகுது. எதுக்கு? ஊர் சிரிக்கும், ஊர் கதைக்கும் என்று நாங்கள் நாள் முழுக்கச் சொல்லுறம். இடத்தின் பேர் அங்க இருக்கிற ஆக்களுக்கு ஆகிவருகிற இடவாகுபெயரைப் படிச்ச பிள்ளைக்கு இது விளங்கும்.

2:187இல் கணவன் மனைவியைப் பற்றி, "அவர்கள் உங்களுக்கு ஆடை, நீங்கள் அவர்களுக்கு ஆடை". மூலத்தில் 'போல' மாதிரியான உவம உருபு இல்லை. "ஆடை (போன்றவர்கள்)" என்று எழுதின உடனே உருவகம் உவமையாய் இறங்கிப் போகுது. 62:5இல் ஏடு சுமக்கிற கழுதைக்கு மூலத்திலேயே 'போல' இருக்கு. அங்க போடுங்கோ, இங்க போடாதேங்கோ.

19:4தான் பெரிய இழப்பு. முதுமையைச் சொல்ல வந்த ஸகரிய்யா நபி, தலை நரையால் பற்றியெரிந்தது என்கிறார். 11ஆம் நூற்றாண்டு இலக்கணகாரர் அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி இதை நுணுக்கமாய்ப் பிரிச்சுக் காட்டினவர். வீட்டில் தீப்பிடித்தது என்றால் ஒரு மூலையாயும் இருக்கலாம். வீடு தீப்பிடித்தது என்றால் முழு வீடும். அந்த வேறுபாடு தமிழிலும் அப்படியே கிடக்கு! பிறகேன் "தலைமயிர் நரைத்துவிட்டது" என்று எழுதுறது? எழுவாய் தலையாக இருக்கவேணும், வினை எரிதலாக இருக்கவேணும். இரண்டில் ஒன்று மாறினாலும் தீ அணைஞ்சு போகும்.

தொல்காப்பியம் உவமைக்குச் செயலான வினை, பயன், வடிவான மெய், நிறமான உரு என்று நாலு நிலம், அதாவது ஒப்புமைக்கான அடிப்படை, வகுத்திருக்கு. மொழிபெயர்க்க முதல் எது என்று பாருங்கோ. ஆடை உருவகம் நிற்கிறது பயனில, மறைக்கும், காக்கும். நரைத் தீயில் உருவும் வினையும் சேர்ந்து நிற்குது. அந்த நிலம் தமிழில் இருந்தால் சொல்லில் கை வைக்காதேங்கோ. விளக்கம் அடிக்குறிப்புக்குப் போகட்டும். பெற்றோருக்குப் "பணிவின் சிறகைத் தாழ்த்து" என்ற 17:24ஐ "பணிவாக நடந்துகொள்" என்று சுருக்கினால், குஞ்சை அணைக்கிற பறவை எங்க போகும்?

"குர்ஆன் கவிதை இல்லை, நபிக்குக் கவிதை கற்பிக்கவில்லை என்கிற 36:69ஐப் பார்" என்பியள். ஓம், கவிதை இல்லை. உருவகம் கவிஞனுக்கு மட்டும் எழுதிக் குடுத்த சொத்தும் இல்லை. "சாதாரண சனம் பிழையாய் விளங்கும்" என்பியள். நோன்பில் வெள்ளை நூல் கறுப்பு நூலிலிருந்து தெளிவாகும் வரை உண்ணலாம் என்ற 2:187 வசனத்தைக் கேட்டு நபித்தோழர் அதீ இப்னு ஹாத்திம் உண்மையாகவே இரண்டு கயிறைத் தலையணைக்குக் கீழ வைச்சுப் பார்த்தவர். அவர் அரபி! இரவின் இருளும் பகலின் வெளிச்சமும் என்று நபியவர்கள் வாயால் விளக்கினவை. அந்த வசனத்தில் 'விடியலின்' என்ற சொல் பிறகு இறங்கினதாகவும் ஒரு அறிவிப்பு இருக்கு. அதுக்குப் பிறகும் நூல் நூலாகவே நிற்குது. இறைவனின் கை பற்றிய வசனங்கள் வேறு வழக்கு, அதை மார்க்க அறிஞரான ஆலிம்களிடம் விடுறன்.

உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் 5027 பாட்டுப் பாடினவர், ஒன்றுக்கும் அடைப்புக்குறி தேவைப்படேல்லை. திருநாகூர்த் திரிபந்தாதி பாடின அசனாலெப்பைப் புலவர் இந்த யாழ்ப்பாணத்தவர். முன்வரிசையில் எத்தனை பேர் அவரை வாசிச்சிருக்கிறியள்? 1990 ஒக்ரோபரில் புலிகள் இங்கத்தைய முஸ்லிம்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளிக்கிடச் சொன்னபோது, ஆர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருப்பினம்? இந்த ஊரில் அந்தத் தமிழ் கண்ணில் படாமல் போனதுக்கு அதுவும் ஒரு காரணம். அதைத் தெரிஞ்ச ஊர் கைதட்டக்கூடாது.