ஓரம் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்

காலையில் நடந்தது. இப்போது இரவு ஒன்பதரை. முழங்காலில் போட்ட மஞ்சள் காய்ந்துவிட்டது, கோபம் காயவில்லை.

பாண்டிச்சேரி காமராஜர் சாலையில் ராஜீவ் காந்தி சதுக்கம் தாண்டி, டவுனைப் பார்த்து சைக்கிளில் வந்துகொண்டிருக்கிறேன். எட்டரை மணி. எனக்குப் பின்னால் ஹார்ன். ஒன்று. சரி, வருகிறார் என்று தெரிந்துகொண்டேன். அடுத்த நொடி இன்னொன்று, நீளமாக. நான் ஏற்கெனவே தாரும் மண்ணும் சேரும் இடத்தில்தான் போகிறேன். இன்னும் ஒதுங்கினால் வாய்க்காலில்தான் ஒதுங்க வேண்டும். வலது பக்கம் சாலை காலியாகக் கிடக்கிறது. வெள்ளைக் கார் என்னை உரசுகிற மாதிரி தாண்டியது. ஹேண்டில்பாருக்கும் அதன் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு கை நுழையாது. தாண்டி முழுதாக ஒரு வண்டி நீளம்கூடப் போகவில்லை, அப்படியே இடது பக்கம் ஒடித்தார். இன்டிகேட்டர் கிடையாது. என் மூக்குக்கு முன்னால் கார் குறுக்கே நிற்கிறது. பின்கதவு, கதவின் கைப்பிடி, அதில் ஒட்டியிருந்த சேறு, எல்லாம் இப்போதும் கண்ணில் இருக்கிறது.

இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். மண்ணில் பின்சக்கரம் இழுத்துக்கொண்டு போனது. சைக்கிள் சாய்ந்தது, நானும் சாய்ந்தேன். முன்கூடையில் இருந்த டிபன் பாக்ஸ் எகிறிப் போய் ரோட்டில் விழுந்து, மூடி தனியாக உருண்டு, சோறும் வத்தக்குழம்பும் தாரில் கொட்டியது. வாழைக்காய் வறுவல் நாலா பக்கமும் சிதறியது. நான் எழுந்திருப்பதற்குள் பின்னால் வந்த டெம்போ அதன் மேலேயே ஏறிப் போனது. சோற்றின் மேல் டயர் தடம். காலை ஐந்து மணிக்கு எழுந்து வதக்கிய சுண்டைக்காய் அது.

கார் நின்றது. அதற்காக நான் நன்றி சொல்ல வேண்டுமாம், நிற்காமல் போகிறவர்களும் இருக்கிறார்களே என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். நின்று என்ன செய்தார்? கண்ணாடியைப் பாதி இறக்கினார். உள்ளேயிருந்து ஏசிக் காற்று என் முகத்தில் அடிக்கிறது. இறங்கவில்லை. கை கொடுக்கவில்லை. அடிபட்டதா என்று கேட்கவில்லை. அவர் சொன்னது இது:

“ஏம்மா, ஓரமா போகக்கூடாதா? கார் வர்றது தெரியல?”

நான் ஓரமாகப் போனதால்தான் அடிபட்டேன். இதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நடுரோட்டில் போயிருந்தால் அவரால் எனக்கு முன்னால் குறுக்கே ஒடித்திருக்கவே முடியாது, எனக்குப் பின்னால் வந்து பொறுமையாகத் திரும்பியிருப்பார். ஓரமாகப் போனேன், அவர் திரும்ப வேண்டியதும் அந்த ஓரத்துப் பக்கம், நடுவில் நான். கார் வருவது எனக்குத் தெரியாமலும் இல்லை. இரண்டு தடவை ஹார்ன் அடித்தால் காது கேட்காதவருக்கும் முதுகில் தெரியும். நான் இருப்பது அவருக்குத் தெரிந்ததா என்பதுதான் கேள்வி. தெரிந்தது. தெரியாமல் எதற்கு ஹார்ன் அடித்தார்? அப்படியென்றால் என்னைப் பார்த்தார், என்னை விலகச் சொன்னார், என்னைத் தாண்டினார். தாண்டிய அந்த நொடியில் நான் உலகத்திலேயே இல்லாமல் போய்விட்டேன். அவர் கணக்கில் சைக்கிள் என்பது தாண்டும் வரைக்கும்தான் இருக்கிறது. தாண்டியதும் அழித்துவிடலாம்.

இதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. வேகமாகப் போகட்டும், அவருக்கு என்ன அவசரமோ. ஆனால் பின்னால் வருகிற சைக்கிளும் நகர்ந்துகொண்டேதான் இருக்கும் என்று தெரியாமல் ஒருவர் எப்படி லைசென்ஸ் வாங்கினார்? நான் என்ன கரண்ட் கம்பமா, நட்ட இடத்தில் நிற்பதற்கு? சாதாரணமாக மிதித்தாலே மணிக்கு 15 கிலோமீட்டர் வருகிறது. நொடிக்கு நாலு மீட்டர். அவர் திரும்ப வேண்டிய தெருமுனை என்னிடமிருந்து இருபது மீட்டர் இருந்திருக்கும். எனக்குப் பின்னாலேயே வந்திருந்தால் அவருக்கு ஐந்து நொடி தாமதம். ஐந்து நொடி. அதற்கு என் முழங்கால், என் மதியச் சாப்பாடு.

சரி, ஏதாவது ஆபத்து அவசரமாக இருக்கும், ஆஸ்பத்திரிக்கோ எங்கேயோ போகிறார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஹேண்டில்பார் ஒரு பக்கம் திரும்பிவிட்டது, ஓட்ட முடியாது. அந்தத் தெருமுனையைத் தாண்டும்போது உள்ளே பார்க்கிறேன். நாற்பது அடி தள்ளி டீக்கடை. கார் அங்கே நிற்கிறது. அவர் பானட்டில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறார். ஊதி ஊதிக் குடிக்கிறார். டீக்கு ஆற நேரம் கொடுக்கத் தெரிந்த மனிதருக்கு எனக்கு ஐந்து நொடி கொடுக்கத் தெரியவில்லை.

நான் நின்று பார்த்தேன். அவரும் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

இந்த ஊரில் சைக்கிள் ஓட்டுகிற யாரிடமாவது கேளுங்கள், இடத்தை மட்டும் மாற்றி இதே கதையைச் சொல்வார்கள். நெல்லித்தோப்பில் ஒருவருக்கு, முத்தியால்பேட்டையில் ஒருவருக்கு, கடலூர் சாலையில் தினமும் யாராவது ஒருவருக்கு. அப்புறம் “ஓரமா போ” என்று எல்லோரும் சொல்கிறார்களே, எது ஓரம்? தயவுசெய்து ஒரு நாள் என்னோடு வந்து காட்டுங்கள். ஓரத்தில் கார் நிற்கிறது. காருக்கு அந்தப் பக்கம் பைக் நிற்கிறது. மிச்சம் இருக்கிற இடத்தில் கட்டடம் கட்டுகிறவர்கள் கொட்டிய ஜல்லி. ஜல்லி இல்லாத இடத்தில் சாக்கடை மூடி, சாலையைவிட நாலு விரல்கடை பள்ளத்தில். மழை பெய்தால் எது பள்ளம் எது ரோடு என்று தெரியாது. இளநீர் மட்டை, உடைந்த பாட்டில். இதற்கு நடுவில்தான் எங்களைப் போகச் சொல்கிறார்கள். அந்த ஓரத்திலும் எதிரே ஒருவர் பைக்கில் வருவார், எதிர்த்திசையில், போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு. சாலையைச் சுற்றி வந்தால் பெட்ரோல் செலவாகுமாம். அவருக்கும் நான்தான் வழி விட வேண்டும். நான் எங்கே விலகுவது? வலது பக்கம் விலகினால் பின்னால் வருகிற டவுன் பஸ். அவர் முகத்தில் ஒரு சின்ன சங்கடம்கூட இருக்காது. தலையை ஆட்டி “போ போ” என்று எனக்குச் சைகை காட்டுவார்.

டெம்போக்காரர்களைப் பற்றி நிறையச் சொல்லமாட்டேன். அவர்கள் பிழைப்பு சவாரியில் இருக்கிறது, கை காட்டினால் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் பின்னால் ஒரு தடவை பாருங்கள் அண்ணா, அது போதும்.

நேரு வீதியில் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் பார்க்காமல் கதவைத் திறக்கிறவர்களை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஒரு கதவு திறக்க எவ்வளவு நேரம்? சைக்கிளில் வருகிறவருக்கு அது திடீரென்று முளைத்த சுவர். சனி, ஞாயிறு என்றால் கேட்கவே வேண்டாம். வெளியூர் கார்கள் மொத்தமும் வந்துவிடும். முன்னால் உட்கார்ந்திருப்பவர் போனில் வழி பார்ப்பார், ஓட்டுகிறவர் அவரைப் பார்ப்பார், ரோட்டை யாரும் பார்க்கமாட்டார்கள். வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டரில் வரிசையாக மூன்று பேர் பேசிக்கொண்டே வருவார்கள். ஊருக்கு வருமானம் என்கிறார்கள், இருக்கட்டும். ஆனால் ஊர்க்காரர்களை மட்டும் விட்டுவைக்க முடியாது. இன்று என்னைத் தள்ளிவிட்டது பாண்டிச்சேரி நம்பர்தான், பிஒய் 01.

நான் சட்டம் தெரியாமல் கத்தவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 184-வது பிரிவு இருக்கிறது. 2019-ல் அதைத் திருத்தியபோது சிக்னலை மீறுவது, வண்டி ஓட்டும்போது கையில் போன் வைத்திருப்பது, விதியை மீறி முந்துவது, எதிர்த்திசையில் வருவது என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி ஆபத்தான ஓட்டுதல் என்று எழுதிவைத்தார்கள். முதல் தடவைக்கே 1,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம். அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை ஜெயில். இரண்டும் சேர்த்துக்கூடப் போடலாம். தேவையில்லாமல் ஹார்ன் அடித்தால் அதற்குத் தனியாக 1,000 ரூபாய், மறுபடியும் அடித்தால் 2,000. இந்தக் கணக்கில் நான் வேலைக்குப் போய்ச் சேருவதற்குள் அரசாங்கத்துக்கு எத்தனை ஆயிரம் வந்திருக்க வேண்டும்! போலீஸின் சிவப்புத் தொப்பி தெரிகிற சந்திப்பில் மட்டும் எல்லோரும் கோட்டுக்குப் பின்னால் நிற்கிறார்கள். ஆகவே விதி தெரியாமல் இல்லை. யார் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து விதி வருகிறது, போகிறது. சைக்கிள்காரி பார்ப்பது பார்வையே இல்லை.

என் சின்ன வயதில் விளக்கு இல்லாமல் சைக்கிள் ஓட்டினால் போலீஸ் பிடிக்கும். டபுள்ஸ் போனால் பிடிக்கும். வால்வைப் பிடுங்கிக் காற்றை இறக்கிவிடுவார்கள், வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். நாங்கள் அப்படிக் கண்டிப்பில் வளர்ந்தவர்கள். அப்பா முதலியார்பேட்டை மில்லுக்கு சைக்கிளில்தான் போனார். ஷிப்ட் விடும் நேரத்தில் சங்கு ஊதியதும் கடலூர் சாலை முழுக்க சைக்கிளாக வரும், நடுவில் மாட்டிய கார்தான் பொறுமையாக ஊர்ந்து போகும். யாரும் யாரையும் இடித்ததில்லை என்று சொல்லவரவில்லை. ஆனால் சைக்கிளில் வருகிறவனும் வேலைக்குப் போகிற ஒரு ஆள் என்ற நினைப்பு ரோட்டில் இருந்தது.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் அடித்து ஓய்ந்த மறுநாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. தெருவுக்குத் தெரு மரம் விழுந்து கிடந்தது. வாசலில் நின்ற கார் எதுவும் தெருமுனை தாண்டவில்லை. நான் சைக்கிளைத் தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்து, ஏறி, அடுத்த மரம் வந்ததும் இறங்கித் தூக்கி, அப்படித்தான் பக்கத்துத் தெருவில் ஒரு கைக்குழந்தைக்குப் பால் பவுடரும் மெழுகுவர்த்தியும் வாங்கி வந்து கொடுத்தேன். அன்றைக்கு என்னை யாரும் ஓரமாகப் போகச் சொல்லவில்லை. “அக்கா, எங்களுக்கும் ரெண்டு மெழுகுவர்த்தி” என்று கார் வைத்திருந்தவர்கள் வாசலில் வந்து நின்று கேட்டார்கள்.

கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை ஏழரை வரைக்கும் வண்டிகளை விடுவதில்லை. அங்கே போய்ப் பாருங்கள், இதே ஊர்க்காரர்கள்தான். குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். எதிரே பாட்டி வந்தால் வழி விடுவார்கள். தெரியாமல் தோள் பட்டால்கூட “சாரிங்க” என்பார்கள். அந்த மனிதர்களே தடுப்புக்கு இந்தப் பக்கம் வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் யாரோ ஆகிவிடுகிறார்கள். காலையில் கண்ணாடியை இறக்கிய அந்த ஆளும் நேற்று சாயங்காலம் அங்கே யாருக்காவது வழி விட்டிருப்பார். எனக்கு அதை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கெட்டவராக இருந்தாலாவது கெட்டவர் என்று விட்டுவிடலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. இடது பக்கம் திரும்பப் போகிறீர்களா, முன்னால் சைக்கிள் போகிறதா, அது தெருமுனையைத் தாண்டும் வரை பின்னாலேயே வாருங்கள். ஐந்து நொடி. மேம்பாலம் வேண்டாம், தனிப்பாதை வேண்டாம், வந்தால் சந்தோஷம், அதுவரைக்கும் இது போதும்.

ஹேண்டில்பாரை நிமிர்த்த இருபது ரூபாய் வாங்கினார் சைக்கிள் கடை அண்ணன். ரிம் கோட்டம் எடுக்க நாளைக்கு வரச் சொல்லியிருக்கிறார். அது சரியாகிவிடும். அந்த டிபன் பாக்ஸ்தான். அம்மாவின் கல்யாணத்துக்கு வந்தது. பக்கவாட்டில் புள்ளி புள்ளியாக அம்மா பெயர் வெட்டியிருக்கும். உருண்டு போன மூடியை எடுத்துப் பார்த்தால் விளிம்பு நெளிந்து போயிருக்கிறது, எப்படித் திருப்பினாலும் உட்காரவில்லை. சாயங்காலம் மூன்று பாத்திரக் கடை ஏறி இறங்கினேன். மூன்று இடத்திலும் ஒரே பதில், மூடி மட்டும் தனியாக வராதாம், புது செட்டாக வாங்கிக்கொள்ள வேண்டுமாம். ஏன் வராது? பாத்திரம் நன்றாக இருக்கிறது, மூடிதான் போயிற்று, மூடி மட்டும் செய்து விற்றால் என்ன குறைந்துபோகும்? பழசை எடைக்குப் போட்டுவிடுங்கள் என்று கல்லாவில் இருந்த பையன் சொல்கிறான். அம்மா பெயரை எடைக்குப் போடச் சொல்கிறான்.

நாளைக்கு அதன் மேல் ஒரு சின்னத் தட்டைக் கவிழ்த்து, துணியால் இறுக்கிக் கட்டி, அதே கூடையில் வைத்துக்கொண்டுதான் போகப்போகிறேன்.