யாருக்கு டயாலிசிஸ் என்று ஏழு பேர் முடிவெடுத்தபோது

அறவியல் என்றாலே தண்டவாளத்தில் கட்டிப்போட்ட ஐந்து பேரைக் காப்பாற்ற, ரயிலை வேறு ஒருவர்மீது திருப்பலாமா என்ற கற்பனைக் கதையைத்தான் எடுக்கிறோம். அதைவிட, அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நிஜமாகவே நடந்த டயாலிசிஸ் விவகாரத்தில் கோட்பாடுகளைப் பொருத்திப் பார்ப்பது நல்லது.

1960இல் மருத்துவர் பெல்டிங் ஸ்க்ரிப்னர், டயாலிசிஸுக்காக, அதாவது இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்திகரிப்பதற்காக, நோயாளியின் கையிலேயே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயைக் கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு முறையும் புதிதாக ரத்தக்குழாயைத் திறக்க வேண்டும். சில தடவைக்குமேல் இடமிருக்காது. இனி சிறுநீரகம் செயலிழந்தவர்கள் வருடக்கணக்கில் வாழலாம். ஆனால் இயந்திரங்கள் மிகக் குறைவு. மருத்துவர்கள் தகுதியானவர்களை வடிகட்டித் தர, 1960களின் தொடக்கத்திலிருந்து ஏழு பேர் குழு அவர்களில் யாருக்கு என்று தேர்ந்தெடுத்தது. வக்கீல், பாதிரியார், வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை சிகிச்சை நிபுணர். வருமானம், சொத்து, கல்யாணம், பிள்ளைகள், படிப்பு, சர்ச் ஈடுபாடு எல்லாம் கணக்கில் வந்தன. எழுதிவைத்த விதி கிடையாது, அவரவர் மனசாட்சிதான்.

குழு செய்தது பயன்வாதம், அதாவது அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்ற கோட்பாடு, என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பயன்வாதத்தின் கெட்டுப்போன வடிவமாகத்தான் படுகிறது. மூன்று பிள்ளைகளின் தகப்பன் இறந்தால் நான்கு பேர் வாழ்க்கை பாதிக்கும் என்பது நியாயமான கணக்கு. ஆனால் சர்ச்சுக்குப் போவது எந்தப் பயனின் அளவு? பயனை அளக்க முடியாத இடத்தில், தங்களைப் போன்றவர்களுக்கே மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இந்தக் கோட்பாடு வழக்கமாகச் சறுக்கும் இடம் இதுதான்.

எந்த மனிதரையும் வெறும் கருவியாக நடத்தக் கூடாது என்ற தத்துவஞானி காண்ட் வழியில் போனால், பிள்ளை இல்லாதவரின் உயிர் மலிவு என்று சொல்லவே கூடாது. சரிதான். ஆனால் பத்துப் பேருக்கு ஓர் இயந்திரம் என்றால் யார் முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்குவதைத் தவிர அங்கிருந்து அதிகம் கிடைக்காது. அடுத்த வாரமே வேறு நோயில் இறக்கப்போகிறவருக்கும் சீட்டு விழலாம்.

அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸின் சோதனை இங்கே கூர்மையாக வேலை செய்கிறது. நீங்கள் வங்கியாளரா, வேலையில்லாதவரா என்று தெரியாமல் விதி எழுதுங்கள். வருமானமும் சர்ச்சும் உடனே அடிபட்டுப்போகும். மருத்துவப் பலன் மட்டும் நிற்கும். ஆகவே நான் வைக்கும் வரிசை: எதையெல்லாம் எண்ணவே கூடாது என்பதை முதலில் காண்டும் ரால்ஸும் தீர்மானிக்கட்டும். மிச்சத்தில் பயனைக் கணக்கிடுங்கள். சமமாக வந்தால் குலுக்கல். செயலைவிடச் செய்பவரின் குணத்தைப் பார்க்கும் நற்பண்பு அறவியல், விதி தராது. முடிவெடுப்பவர் நேர்மையானவரா என்று மட்டும் கேட்கும். அதுவும் தேவை.

1972இல் அமெரிக்க அரசே டயாலிசிஸ் செலவை ஏற்கச் சட்டம் வந்ததும் குழுவுக்கு வேலையில்லாமல் போனது. கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு அப்படிப் பணத்தால் தீர்வில்லை, தானமாகக் கிடைக்கும் உறுப்புகள் குறைவு. அதனால் 2002இல் அங்கே மெல்ட் என்ற, கல்லீரல் நோயின் தீவிரத்தை அளக்கும் மதிப்பெண் வந்தது: பிலிருபின் (கல்லீரல் வெளியேற்றும் மஞ்சள் நிறமி), கிரியேட்டினின் (தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு), ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) மூன்றையும் வைத்து 6 முதல் 40 வரை. மூன்று மாதத்தில் இறக்கும் அபாயம் அதிகமுள்ளவருக்கு முதலிடம். சொத்தும் சர்ச்சும் இல்லை, வெறும் ரத்தப் பரிசோதனை. அப்படியும் பெண்கள் பின்தங்கினார்கள். தசை குறைவு என்பதால் சிறுநீரகம் அதே அளவு கெட்டிருந்தும் அவர்களின் கிரியேட்டினின் குறைவாகவே காட்டும், புள்ளியும் குறையும். விதி எழுத்தில் இருந்ததால்தான் இந்தப் பிழையைத் தேடிப் பிடிக்க முடிந்தது. 2023இல் பெண்களுக்கு 1.33 புள்ளி கூட்டி, அல்புமின் என்ற ரத்தப் புரதத்தையும் சேர்த்துச் சூத்திரத்தைத் திருத்தினார்கள்.