செல்வம் மாமாவின் தேர்வுக் குழு

(சிங்கப்பூரின் தோ பாயோவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடம், ஒன்பதாவது மாடி. இரவுப் பணி முடிந்து வந்த செல்வம் மாமா, பாதுகாவலர் சீருடையைக் கழற்றாமலேயே காரிடாரில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் அக்கா மகள் தர்ஷினி. அடுத்த வாரம் அவளுக்குத் தீயணைப்பையும் ஆம்புலன்சையும் கவனிக்கும் குடிமைத் தற்காப்புப் படையில் நேர்காணல்.)

மாமா: அடுத்த ஆளை அனுப்புங்க!

தர்ஷினி: நான் ஒருத்திதான் இருக்கிறேன் மாமா.

மாமா: இங்கே மாமா கிடையாது. மூன்று பேர் கொண்ட தேர்வுக் குழு. நடுவில் இருப்பவர் நான். மற்ற இரண்டு பேரும் கீழே கோப்பி குடிக்கப் போயிருக்கிறார்கள்.

தர்ஷினி: சரிங்க சார்.

மாமா: உங்களைப் பற்றிச் சொல்லுங்க.

தர்ஷினி: சின்ன வயசிலிருந்தே தீயணைப்பு வீரர் ஆக வேண்டும் என்பது என் கனவு...

மாமா: பொய். தீபாவளிக்குக் கம்பி மத்தாப்பை நீட்டினால் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவள் நீ.

தர்ஷினி: அது குழுவுக்கு எப்படித் தெரியும்?

மாமா: குழு விசாரிக்கும். அடுத்து, உங்கள் பலவீனம் என்ன?

தர்ஷினி: நான் அளவுக்கு மீறி உழைப்பேன் சார்.

மாமா: அதை மட்டும் சொல்லாதே! என் நேர்காணலில் நானும் அதைத்தான் சொன்னேன். உடனே பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் போட்டுவிட்டார்கள்.

(மாமாவுக்கு நேர்காணல் அனுபவம் என்று பார்த்தால் அது ஒன்றுதான். அதற்கு முன் தேசிய சேவையில் சமையல் பிரிவு. அங்கே யாரும் கேள்வி கேட்கவில்லை, வெங்காயத்தைத்தான் கொடுத்தார்கள். ஆனால் வீட்டில் யாருக்கு நேர்காணல் வந்தாலும் குழுத் தலைவர் அவர்தான்.)

தர்ஷினி: அப்போ உண்மையைச் சொல்லவா? எனக்குப் பல்லி என்றால் பயம்.

மாமா: பரவாயில்லை, புகைக்குள் பல்லி கண்ணுக்குத் தெரியாது. முதுகில் ஆக்சிஜன் சிலிண்டரை மாட்டிக்கொண்டு நீ பாட்டுக்கு உள்ளே போ.

தர்ஷினி: அது ஆக்சிஜன் இல்லை சார். அழுத்தி அடைத்த சாதாரணக் காற்று. எரிகிற வீட்டுக்குள் ஆக்சிஜனைக் கொண்டுபோனால் தீக்கு விருந்து வைத்த மாதிரி.

மாமா: உன்னைச் சோதித்தேன். பாஸ். இப்போது பாடப் பகுதி. தீ எரிய மூன்று வேண்டும், எவை?

தர்ஷினி: எரிபொருள், வெப்பம், ஆக்சிஜன்.

மாமா: புத்தகப் பதில். அனுபவப் பதில் என்ன தெரியுமா? எண்ணெய், வாணலி, அடுப்பை மறந்துவிட்டுப் போன் பேசும் ஆள்.

தர்ஷினி: இந்த வீட்டில் சமைப்பது நீங்கள்தானே சார்?

மாமா: குழுவிடம் எதிர்க்கேள்வி கேட்கக்கூடாது. வாணலி எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வாய்?

தர்ஷினி: முடிந்தால் அடுப்பை அணைப்பேன். பெரிய மூடியைப் பக்கவாட்டிலிருந்து நகர்த்தி மூடுவேன். வாணலியைத் தூக்க மாட்டேன், தண்ணீர் ஊற்றவே மாட்டேன். தண்ணீர் எண்ணெய்க்கு அடியில் போய் நொடியில் ஆவியாகும். ஆவியானால் சுமார் 1,600 மடங்கு பெருகும். அந்த வேகத்தில் எரிகிற எண்ணெய் கூரை வரை தெறிக்கும்.

மாமா: 1,600 மடங்கா? நான் குழாயடியில் ஒரு சொம்பு தண்ணீர் தயாராக வைத்திருக்கிறேனே!

தர்ஷினி: அதைக் குடித்துவிடுங்கள் சார்.

மாமா: சரி, சரி. உலகம் தெரிந்த ஆளா என்று பார்ப்போம். சிங்கப்பூர் மறக்கக்கூடாத ஒரு விபத்தைச் சொல்.

தர்ஷினி: 1986, மார்ச் 15. ஹோட்டல் நியூ வோர்ல்டு.

(மாமா நிமிர்ந்து உட்காருகிறார். குழுத் தலைவரின் குரல் இறங்குகிறது.)

மாமா: சிராங்கூன் ரோடும் ஓவன் ரோடும் சேர்கிற முனை. எனக்கு அப்போ பதினேழு வயசு. தேக்காவுக்கு வந்தவன் கூட்டத்தோடு கூட்டமாகப் போய் நின்றேன். ஆறு மாடி. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லையாம், மொத்தமும் தரையோடு. நான் பார்த்தது சிமெண்டுத் தூசியும், வரிசையாக நின்று வாளி கைமாற்றிய ஆட்களும்தான். நடுநடுவே யாரோ கையைத் தூக்குவார்கள், அத்தனை பேரும் வாயை மூடுவோம். உள்ளேயிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்க.

தர்ஷினி: 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த வெளிநாட்டு நிபுணர்கள் வந்து இடிபாட்டுக்குள் சுரங்கம் போட்டுக் கொடுத்தார்கள்.

மாமா: எதனால் விழுந்தது?

தர்ஷினி: வடிவமைத்தவர் கட்டடத்தின் சொந்த எடையையே கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டார். ஆட்கள் எடை, சாமான் எடை எல்லாம் இருந்தது. அதைத் தாங்குகிற கட்டடத்தின் எடை இல்லை.

(அவள் பார்வை மாமாவைத் தாண்டிப் போகிறது. சுவரோரம் பழைய மர அலமாரி. அதன்மேல் கட்டுக் கட்டாகத் தமிழ் முரசு. பக்கத்தில் செருப்பு ரேக், துளசித் தொட்டி, உடைந்த மின்விசிறி, ஒரு மின்சைக்கிள்.)

மாமா: என் அலமாரியைப் பார்க்காதே. அடுத்த கேள்வி.

தர்ஷினி: சார், அடுக்குமாடியில் தீப்பிடித்தால் ஆட்கள் வெளியேற எவ்வளவு வழி விட வேண்டும் என்று கேளுங்களேன். கட்டாயம் வரும் கேள்வி.

மாமா: குழு தேவைப்பட்டால் கேட்கும்.

தர்ஷினி: 1.2 மீட்டர். (பையிலிருந்து அளவு நாடாவை எடுக்கிறாள்.)

மாமா: நேர்காணலுக்கு நாடா எதற்கு?

தர்ஷினி: செய்முறைத் தேர்வு. செருப்பு ரேக்கிலிருந்து மதில் வரை... 95 சென்டிமீட்டர். ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ரெண்டு பேர் போக முடியாது சார்.

மாமா: நான் காலை மடக்கிக்கொண்டு அளந்து பார்.

தர்ஷினி: மடக்கித்தான் இருக்கிறீர்கள். இந்த மின்சைக்கிளை எங்கே சார்ஜ் செய்கிறீர்கள்?

மாமா: வாசல் கதவுக்குப் பக்கத்தில்தான். ராத்திரி போட்டால் காலையில் தயாராக இருக்கும்.

தர்ஷினி: எல்லாரும் தூங்கும்போது, வீட்டுக்கு இருக்கிற ஒரே வழியில், லித்தியம் பேட்டரி. தீப்பிடித்தால் வெளியே எப்படி வருவீர்கள்?

மாமா: இது ஒன்பதாவது மாடி.

தர்ஷினி: அதைத்தான் நானும் கேட்கிறேன்.

மாமா: இரு. இங்கே யார் யாரை நேர்காணல் செய்வது?

தர்ஷினி: நீங்கள்தான் சார். அதோ, லிஃப்ட் பக்கம் சிவப்புக் குழாய் இருக்கிறதே, அது என்ன?

மாமா: அது நான் குடை மாட்டும் இடம்.

தர்ஷினி: அதுதான் டிரை ரைசர். சாதாரணமாக உள்ளே சொட்டுத் தண்ணீர் இருக்காது. கீழே தீயணைப்பு வண்டி வந்து குழாயைப் பூட்டிப் பம்ப் செய்தால்தான் தண்ணீர் ஏறும். மேலே வந்த வீரர்கள் அந்த வால்வில் ஹோஸை மாட்டுவார்கள். உங்கள் குடையை எடுத்துவிட்டு.

மாமா: மழைக்காலத்தில் வேறு எங்கே மாட்டுவது?

தர்ஷினி: வீட்டுக்குள்.

(மாமா எழுந்துபோய்க் குடையை எடுத்து வருகிறார். குழுத் தலைவர் என்பதால் மெதுவாக, தானாகத் தோன்றியது போல.)

மாமா: வேலை நேரம் எப்படி?

தர்ஷினி: நிலையத்தில் ஷிப்டு என்றால் இருபத்துநான்கு மணி நேரம் வேலை, அப்புறம் நாற்பத்தெட்டு மணி நேரம் ஓய்வு.

மாமா: ஒரு நாள் வேலை, இரண்டு நாள் லீவா? எனக்கும் ஒரு விண்ணப்பம் வாங்கி வா!

தர்ஷினி: அந்த ஒரு நாளில் எப்போது மணி அடித்தாலும் ஓட வேண்டும் சார்.

மாமா: நான் காவல் பார்க்கும் காண்டோ குடியிருப்பிலும் நாள் முழுக்க மணி அடிக்கிறது. ஓடிப் பார்த்தால் உணவு டெலிவரி. சரி, அவசர எண் 995-ஐ யாராவது அழைத்தால் முதலில் என்ன கேட்பார்கள்?

தர்ஷினி: எந்த இடம், என்ன நடந்தது. ஆம்புலன்சும் அதே எண்தான். தீயை விட மருத்துவ அழைப்புகள்தான் பல மடங்கு அதிகம். அதனால் தீயணைக்க மட்டும் வந்தேன் என்று நேர்காணலில் சொல்லக்கூடாது.

மாமா: அப்போ கனவு என்று ஆரம்பித்தாயே?

தர்ஷினி: அதை வெட்டிவிடுகிறேன். போன வருஷம் பக்கத்து வீட்டு மலாய் அம்மா, நம் மாக்சிக், மயங்கி விழுந்தபோது வந்தவர்கள் இந்தக் காரிடாரில் உங்கள் ரேக்கை நகர்த்திவிட்டு உள்ளே போனார்கள். நான்தான் ஒரு பக்கம் பிடித்தேன். அப்போதுதான் இந்த வேலைக்குப் போகலாம் என்று தோன்றியது. அதைச் சொல்லலாமா?

மாமா: ...ரேக் யாருடையது என்று மட்டும் சொல்லாதே. கடைசிக் கேள்வி. எங்களிடம் ஏதாவது கேட்க விரும்புகிறீர்களா?

தர்ஷினி: இந்த அலமாரி எப்போது போகும் சார்?

மாமா: இது கேள்வி இல்லை, நோட்டீஸ். அலமாரி உன் அத்தை சீர் கொண்டுவந்தது. அவளைக் கேட்காமல் கை வைத்தால் 995-ஐ நான் அழைக்க வேண்டியிருக்கும். பேப்பர் வேண்டுமானால் போகட்டும்.

(கீழே பழைய பேப்பர், சாமான் வாங்கும் காராங் குனிக்காரர் ஹார்ன் அடிக்கும் சத்தம்.)

தர்ஷினி: நேரம் பார்த்து வந்திருக்கிறார். வாங்க, ஆளுக்கு இரண்டு கட்டு தூக்கினால் முடிந்தது.

மாமா: ஆளுக்கா? குழு மூட்டை தூக்காது. (கட்டுகளை எடுத்து அவள் கையில் அடுக்குகிறார்.) தீப்பிடித்தால் லிஃப்டில் போகலாமா?

தர்ஷினி: கூடாது, படிக்கட்டுதான். ஆனால் இப்போது தீ இல்லையே!

மாமா: இருப்பதாக நினைத்துக்கொள். உடற்தகுதிச் சோதனை. ஒன்பது மாடி, ஓட்டமாக இறங்கு.

தர்ஷினி: அப்போ நீங்க?

மாமா: நான் லிஃப்டில் போய்க் கீழே நிற்கிறேன். நேரம் குறிக்க ஆள் வேண்டாமா?