நடக்கச் சொல்கிறீர்களே, எங்கே நடப்பது?

சர்க்கரை நோயாளியைப் பார்த்து "தினமும் நடங்கள்" என்று சொல்லாத மருத்துவரை இந்தப் பெங்களூரில் நான் பார்த்ததில்லை. வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. நல்லது, நடக்கிறோம், இடத்தை மட்டும் யாராவது காட்டுங்கள்.

அல்சூரில் எங்கள் தெருவின் நடைபாதை தொடங்கிய பத்தடிக்குள் ஒரு டிரான்ஸ்பார்மரில் முட்டி நிற்கிறது. அதைச் சுற்றி வந்தால் சாக்கடை மூடிக்கல் பெயர்ந்த பள்ளம், அதற்கப்பால் யாரோ தன் கார் ஏறுவதற்காகப் போட்டுக்கொண்ட சிமெண்ட் சரிவு, மாலையானால் சிக்னலுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நடைபாதைமேலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ஸ்கூட்டர்கள். குடியிருப்புத் தெருவில் தடையில்லாமல் நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்று சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012-இலேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு ஆள் நேராக நடப்பதற்கே வழியில்லை.

முழங்கால் வலியுள்ள என் அம்மா இதில் ஏறி இறங்க முடியாமல் கூடத்தில் சுவருக்குச் சுவர் நடக்கிறார். சோமேஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோய் நாலு பேரிடம் பேசிவிட்டு வந்தவருக்கு இன்று ஆட்டோ கிடைத்தால்தான் தரிசனம். பேச்சுத்துணையும் அதோடு போயிற்று. சர்க்கரை ஏறினால் மட்டும், "வாக்கிங் போறீங்களா, இல்லையா?" என்று திருடனை விசாரிப்பதுபோல் அவரைத்தான் கேட்கிறார்கள். தெருவை யாரும் கேட்பதில்லை.

இத்தனைக்கும், 1898-இல் பிளேக் தாக்கியபோது, நெரிசல்தான் நோயை வளர்க்கிறது என்று பயந்து மல்லேஸ்வரத்தையும் பசவனகுடியையும் அகலத் தெருக்களோடு விரைந்து வளர்த்த ஊர் இது. (பிளேக்கைப் பரப்புவது எலியின் மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி என்று அன்று அவர்களுக்குத் தெளிவில்லை, ஆனாலும் காற்றும் வெளிச்சமும் வேண்டும் என்கிற புத்தி இருந்தது.) நடைபாதையில் நடப்பது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லியாயிற்று.

புகார் கொடுத்தால் "நிதி வரட்டும்" என்கிறார்கள். பூங்காவில் திறந்தவெளி ஜிம் வைத்து ரிப்பன் வெட்டுவதற்கு மட்டும் அந்த நிதி எங்கிருந்து வந்தது? அந்தப் பூங்காவுக்குப் போக வண்டிகள் நிற்காமல் பாயும் சாலையைக் கடக்க வேண்டும்; அங்கே வெள்ளைக் கோடுகூடக் கிடையாது. ஜிம் இருக்கட்டும் ஐயா, முதலில் அந்தச் சாக்கடைக்கு மூடிக்கல் போடுங்கள்.