செல்லுஞ்செலவு யார் கணக்கில்?

நம்ம சபைகளில் ஒருவர் எழுந்து, வேலையை ராஜினாமா செய்துவிட்டு முழுநேர ஊழியத்துக்கு, அதாவது சபைப் பணிக்கே வருகிறேன் என்று சொன்னால் போதும், அல்லேலூயா சத்தம் கூரையைப் பிய்த்துவிடும். அந்த நேரத்தில் பெண்கள் பக்கம் முக்காடு போட்டு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவியின் முகத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தாராவி, சயான் கோலிவாடா, ஆன்டாப் ஹில் என்று மும்பைத் தமிழ்ச் சபைகள் பலவற்றில் இதைப் பார்த்துவிட்டேன். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன். சீஷத்துவத்துக்கு, அதாவது இயேசுவின் சீஷனாக வாழ்வதற்கு, விலை உண்டு, சரி. ஆனால் நம் வீடுகளில் அந்த விலையைப் பெரும்பாலும் கட்டுவது சீஷனின் வீட்டுக்காரி.

என் அப்பா ஊழியக்காரர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்து, நல்ல அரசாங்க வேலையில் இருந்து, அதை விட்டுவிட்டு ஊழியத்துக்குப் போனவர். வேலையை விட்டபோது வந்த பி.எஃப். பணம் சபைக் கட்டடத்துக்கு சிமென்ட் ஷீட் போடப் போனது. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. குடித்துவிட்டுச் சாக்கடையோரம் கிடந்தவர்களை நடுராத்திரியில் தோளில் தூக்கி வந்து வீட்டில் படுக்கவைத்தவர். அவரால் குடியை விட்டவர்கள் இன்றைக்கும் 90 அடி சாலையில் என்னைப் பார்த்தால் "பாஸ்டர் மகளா, நல்லாயிருக்கியாம்மா" என்று கண் கலங்குவார்கள். அதெல்லாம் உண்மை.

அந்த உண்மைக்குப் பின்னால் அம்மா இருந்தாள். விடியற்காலையில், குழாயில் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே எழுந்து இட்லி ஊற்றுவாள். அலுமினியப் பாத்திரத்தில் ஈரத்துணி போட்டு அடுக்கி, சட்னி வாளியோடு வாசலில் வைத்தால், சைக்கிள்காரர் வந்து எடுத்துக்கொண்டு மாட்டுங்கா, தாதர் பக்கம் போவார். வாடகை, ஸ்கூல் ஃபீஸ், கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வரும் ஊழியர்களுக்குக் கோழிக்குழம்பு, எல்லாம் அந்த இட்லியிலிருந்துதான். வளையல் சேட்டு கடைக்குப் போனது, திரும்பவே இல்லை. கர்த்தர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சொல்கிற சாட்சி நேரத்தில் அப்பா "எல்லாவற்றையும் விட்டேன், கர்த்தர் ஒரு நாளும் எங்களைப் பட்டினி போடவில்லை" என்பார். ஒரு தடவை உபவாசக் கூட்டத்தில் அம்மாவிடமும் மைக்கை நீட்டினார்கள். "அக்கா, நீங்களும் ஒரு சாட்சி சொல்லுங்க." அம்மா சொன்னது: "மாவு பொங்கி வழிஞ்சிருக்கும்யா, நான் வீட்டுக்குப் போறேன்." எல்லாரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ, அன்றைக்குச் சொன்ன சாட்சிகளிலேயே உண்மையானது அதுதான்.

பைபிளில் லூக்கா 14-ஆம் அதிகாரத்தை எத்தனையோ தடவை பிரசங்கமாகக் கேட்டிருக்கிறேன். தகப்பனையும் தாயையும் மனைவியையும் பிள்ளைகளையும் வெறுக்காவிட்டால் சீஷனாக இருக்க முடியாது என்ற இடம் வந்தால் பிரசங்கியாரின் குரல் உயரும். இரண்டு வசனம் தள்ளி அதே இயேசுதான், கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப்பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். அங்கே வந்ததும் குரல் இறங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, முடிவு ஜெபத்துக்குத் தாவிவிடுகிறார்கள். மாற்கு 7-க்கோ யாரும் போவதே இல்லை. அப்பா அம்மாவுக்குச் செய்யவேண்டியதை 'கொர்பான்' என்று கடவுள் பெயரில் எழுதிவைத்துவிட்டுக் கையைக் கழுவுகிற பக்திமான்களை இயேசு கிழிகிழியென்று கிழித்த பகுதி அது. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியிருக்கிறார். சிலுவையில் தொங்குகிற நேரத்திலும் தன் அம்மாவை யார் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தவரின் சீஷர்கள் நாம்.

இது இன்றைய கதையும் இல்லை. இதே மும்பையில் 1895-ல் நாராயண் வாமன் திலக் ஞானஸ்நானம் எடுத்தார். சித்பாவன் பிராமணர், மராத்தியில் பெரிய கவிஞர், இன்றைக்கும் மராத்திச் சபைகளில் அவர் பாட்டுகளைப் பாடுகிறார்கள். (பால கங்காதர திலகர் வேறு ஆள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.) அவர் மனைவி லட்சுமிபாய் அந்தச் செய்தியில் இடிந்துபோனார். புருஷன் உயிரோடு இருக்கும்போதே இல்லாதவள் மாதிரி, சின்னப் பிள்ளையோடு சொந்தக்காரர்கள் நிழலில் சில வருடங்கள் ஒதுங்கி வாழ்ந்தார். அப்புறம் அவரோடு சேர்ந்தபோதும் தன் ஆசாரத்தை விடவில்லை, பிறகு தானாகவே யோசித்து ஒரு முடிவுக்கு வந்துதான் ஞானஸ்நானம் எடுத்தார். 1917-ல் திலக் மிஷன் சம்பளத்தையும் விட்டுவிட்டு சந்நியாசி மாதிரி கிளம்பியபோது, அந்த அம்மாவுக்கு இரண்டாவது சுற்று. இதையெல்லாம் நமக்குச் சொன்னது திலக் இல்லை, லட்சுமிபாய். வயதான காலத்தில், அழுகையும் கிண்டலும் கலந்து, புருஷன் மேல் பாசம் குறையாமல் தன் கதையை எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் எழுதியிருக்காவிட்டால் நமக்கு ஒரு கவிஞரின் தியாகம் மட்டும்தான் தெரிந்திருக்கும்.

நம் ஊர்ப்பக்கமே வருவோம். திருவிதாங்கூர் அரண்மனையில் வேலை பார்த்த தேவசகாயம் பிள்ளை 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் எடுத்து, 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு இறந்தார், 2022-ல் வத்திக்கான் அவரைப் புனிதராக அறிவித்தது. அவர் மனைவி ஞானப்பூ, சொந்த ஊரையும் உறவையும் விட்டு வடக்கன்குளத்திலேயே விதவையாக வாழ்ந்து முடிந்தவர். அந்தப் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைகள் கட்டும் பில் தனி. 1950-ஆம் வருட ஜனாதிபதி ஆணையின்படி பட்டியல் சாதி அந்தஸ்து முதலில் பெரும்பாலும் இந்துக்களுக்குத்தான். 1956-ல் சீக்கியர்களையும், 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களை இன்றுவரை சேர்க்கவில்லை. ஞானஸ்நானம் எடுத்தது அப்பா, இடஒதுக்கீட்டுச் சீட்டை இழப்பது மகள். சேரிப் பெயரும் சாதி வசவும் மட்டும் மதம் மாறுவதில்லை, சபைக்குள்ளேயும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கின்றன. இது அரசாங்கம் செய்யும் அநியாயம், அதில் சந்தேகமில்லை. ஆனால் சான்றிதழில் இந்து என்று வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கு வருகிறவர்களை மேடையிலிருந்து 'அரைக் கிறிஸ்தவர்கள்' என்று அறைகிறார்களே, அப்படிப் பேசுகிற பலருக்கு இழக்க அந்தச் சான்றிதழே கிடையாது. இழப்பில்லாதவன் அடுத்தவனுக்குத் தியாகம் போதிப்பது மாதிரி சுலபமான வேலை ஏதாவது உண்டா?

இப்போது எதற்கு இதை எழுதுகிறேன் என்றால், எங்கள் சபையில் ஒரு தம்பி ஐரோலியில் ஐ.டி. வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வரப்போகிறான். நல்ல பையன், அழைப்பு உண்மையானது என்றே நம்புகிறேன். வீட்டுக் கடன் ஓடுகிறது, மனைவி மாசமாக இருக்கிறாள். கமிட்டியில் நான் கேட்டது இரண்டே கேள்வி. இ.எம்.ஐ. யார் கட்டுவார்கள்? அந்தப் பெண்ணிடம் யாராவது தனியாக உட்கார்ந்து பேசினீர்களா? மூப்பர் ஒருவர் "சிஸ்டர், உங்களுக்கு விசுவாசம் குறைவு" என்றார். விசுவாசம் கூடியவர்கள் மாதாமாதம் அந்த வீட்டுக்கு எவ்வளவு கொடுப்பீர்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று ஒத்திவைத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்துக்கும் அதே தாளோடுதான் போவேன்.

திட்டி வசனம் அனுப்பப்போகிற சகோதரர்கள், ஒரு வசனத்தை மட்டும் வெட்டி எடுக்காமல் அந்த அதிகாரத்தை முழுசாக வாசித்துவிட்டு அனுப்புங்கள். முடிந்தால் உங்கள் வீட்டுக்காரியையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசியுங்கள்.